விருந்தாளிகள் போன பிறகு: பறவை நோக்கர் குழுக்களின் கோடை

பங்குனி முடியும்போது தமிழகச் சமவெளியின் ஏரிகளில் ஓசை அடங்கத் தொடங்கும். ஐப்பசியில் வந்து தங்கிய ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் நீலச்சிறகியும் மார்ச் மாதத்திலேயே வடக்கே கிளம்பிவிடும். கூந்தன்குளத்தில் குளிர்காலத்தைக் கழித்த பட்டைத்தலை வாத்துகள் இமயத்தைத் தாண்டித் திபெத்திய மேட்டு நிலத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அவையும் அதிகம் தாமதிப்பதில்லை. தகைவிலான், வாலாட்டி, மாங்குயில், அரசவால் ஈப்பிடிப்பான் என்று ஒவ்வொன்றாக விடைபெறும். கடைசிவரை இருந்து போகிறவற்றில் சோளப்பட்சி ஒன்று. மத்திய ஆசியப் புல்வெளிகளில் வெட்டுக்கிளிகள் பெருகும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அதன் குஞ்சுகளுக்கு இரை உண்டு. அதனால் ஏப்ரலில்கூட மாலை வேளையில் அவற்றின் பெருங்கூட்டம் வானத்தில் சுருண்டு விரிவதைச் சில ஊர்களில் பார்க்கலாம். பிறகு ஒருநாள் அந்தக் கூட்டமும் இருக்காது.

பறவை நோக்கர் குழுக்களின் கோடைப் பணி இந்தப் புறப்பாட்டைக் குறித்து வைப்பதில் தொடங்குகிறது. ஒரு பறவை வந்த முதல் நாளை எழுதுவது எளிது. புதிதாக ஒன்றைக் கண்ட மகிழ்ச்சி பேனாவை எடுக்கச் சொல்லும். கடைசி நாளை எழுதுவது அப்படியல்ல. நேற்றுப் பார்த்த வாலாட்டிதான் இந்தப் பருவத்தின் கடைசி வாலாட்டி என்று நேற்றுத் தெரியாது. பத்து நாள் தொடர்ந்து போய் அது இல்லை என்று கண்ட பிறகே தெரியும். ஆகவே புறப்பாட்டுக் குறிப்பு வேண்டுமானால் ஒன்றும் இல்லாத நாட்களிலும் ஏரிக்குப் போயாக வேண்டும். இல்லை என்பதையும் தேதியிட்டு எழுதுகிற பழக்கம்தான் ஒரு குழுவின் தரத்தைக் காட்டும் முதல் அடையாளம்.

இதே வாரங்களில் ஒரு பறவை வழிப்போக்கனாக ஊர்களைக் கடந்து போகிறது. ஆறுமணிக்குருவி மத்திய இந்தியாவிலும் இமயத்தின் அடிவாரக் காடுகளிலும் மழைக்காலத்தில் கூடு கட்டுவது. குளிர்காலத்தைத் தென்னகத்திலும் இலங்கையிலும் கழித்துவிட்டு, ஏப்ரல், மே மாதங்களில் வடக்கே திரும்பும். விடியலிலும் அந்தியிலும் தவறாமல் இரட்டைச் சீழ்க்கை அடிப்பதால் மக்கள் வைத்த பெயர் அது. இரவில் பயணம் செய்து களைத்த பறவை, பொழுது விடியும்போது நகரத்து வீட்டுக் கொல்லையில், வாழைச் சருகுக்குள் இறங்கியிருக்கும். பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று அத்தனை நிறத்தோடு ஒரு பறவை துவைக்கிற கல்லின் பக்கத்தில் நிற்பதைக் கண்ட வீட்டுக்காரர்கள், கூண்டிலிருந்து தப்பியதோ என்று எண்ணிக் குழுவினருக்குச் சொல்லி அனுப்புவது ஆண்டுதோறும் நடப்பது.

பறவை பார்ப்பவர்களிலேயே பலர் கோடையை ஓய்வுக் காலமாகக் கருதுவதுண்டு. அதற்குக் காரணமும் இருக்கிறது. பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பு, வனத்துறை அண்மை ஆண்டுகளில் ஈரநிலப் பறவைகளுக்கும் நிலப்பறவைகளுக்கும் நடத்திவரும் ஒருங்கிணைந்த கணக்கெடுப்பு ஆகியவை எல்லாம் முடிந்திருக்கும். ஒரே காலையில் எண்பது வகையைப் பார்த்துவிட்ட கண்ணுக்கு மே மாதத்து முப்பது வகை சப்பென்று தோன்றும். 1978இல் தொடங்கிய சென்னையின் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி முதல் சேலம், கோவை, திருப்பூர், நெல்லை ஆகிய ஊர்களின் குழுக்கள் வரை எங்கும் உறுப்பினர்கள் அதிகம் கூடுவது குளிர்காலத்தில்தான். ஆனால் குளிர்காலப் பறவை தமிழகத்தில் செய்வது இரண்டே வேலை: தின்பது, உறங்குவது. துணை தேடுவது, கூடு கட்டுவது, அடைகாப்பது, குஞ்சுக்கு ஊட்டுவது, கூட்டைக் காத்துச் சண்டையிடுவது எல்லாவற்றையும் அது வேறு இடத்தில் வைத்துக்கொள்கிறது. இங்கேயே பிறந்து இங்கேயே சாகிற பறவைகளின் குடும்ப வாழ்க்கை பெரும்பாலும் கோடையில் நடக்கிறது. குளிர்காலம் பட்டியலை நீட்டும். ஒரு பறவையை அறிய வேண்டுமென்றால் சித்திரை வெயிலில் நிற்கத்தான் வேண்டும்.

வெயில் நடையின் நேரத்தை மாற்றிவிடுகிறது. மே மாதத்தில் சென்னையில் ஐந்தே முக்கால் மணி வாக்கில் சூரியன் எழும். குழு அதற்கு முன்பே ஏரிக்கரையில் இருக்க வேண்டும். எட்டரை மணிக்கு மேல் நடப்பதில் பயனில்லை. மாலையில் ஐந்து மணிக்குப் பிறகு இன்னொரு நடை. இடைப்பட்ட நேரத்தில் மனிதர்களைப் போலவே பறவைகளும் நிழலில் ஒடுங்கியிருக்கும். கத்திரி வெயிலின் மூன்றரை வாரத்தில் சில குழுக்கள் நீண்ட நடையை விட்டுவிட்டு, ஒரே மரத்தடியிலோ குளக்கரையிலோ இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கும் முறைக்கு மாறுகின்றன. வயதானவர்களுக்காகவும் சிறுவர்களுக்காகவும் செய்த ஏற்பாடு அது. நடந்தபடி பார்ப்பவருக்குத் தெரியாத பல செய்திகள் உட்கார்ந்து பார்ப்பவருக்குக் கிடைப்பதைக் குழுக்கள் அப்படித்தான் கண்டுகொண்டன.

அவ்வாறு உட்கார்ந்து பார்க்கும்போது முதலில் கண்ணில் படுவது, பறவைகள் வெப்பத்தைச் சமாளிக்கும் விதம். பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அவற்றின் உடல் வெப்பம் இயல்பாகவே மனிதரைவிட அதிகம், ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ். மிகுதியான சூட்டைப் பெரும்பாலும் வாய் வழியாகத்தான் வெளியேற்ற வேண்டும். மதிற்சுவரில் அலகைப் பிளந்தபடி நிற்கும் காக்கை தாகத்தால் மட்டும் அப்படி நிற்பதில்லை. மூச்சின் ஈரத்தை ஆவியாக்கி உடலைக் குளிர்விக்கிறது. கூழைக்கடாவும் நீர்க்காகமும் தொண்டைத் தோலை விடாமல் படபடவென்று அடித்துக்கொள்ளும். நாரைகள் செய்வது கொஞ்சம் அருவருப்பானது என்றாலும் பயனுள்ளது: தம் கால்களின் மீதே எச்சமிட்டு, அந்த ஈரம் உலரும்போது கிடைக்கும் குளிர்ச்சியைப் பெறுகின்றன. நண்பகலில் நாரையின் கால் வெள்ளையடித்தது போலிருப்பதைப் பார்த்து இது வேறு இனம் என்று எழுதிக்கொண்ட புதியவர்கள் உண்டு.

கோடையின் மிக வியப்பான காட்சி மரத்தில் இல்லை, தரையில் இருக்கிறது. ஆள்காட்டி, கண்கிலேடி, பக்கி, வானம்பாடி, கல்கௌதாரி ஆகியவை வெட்டவெளியில், நிழலே இல்லாத மண்ணில் முட்டையிடுபவை. இவற்றில் குழுக்கள் அதிகம் பின்தொடர்வது ஆள்காட்டியை. காட்டில் நுழையும் ஆளைக் கத்திக் காட்டிக்கொடுப்பதால் வந்த பெயர். நீர்நிலை ஓரமாகத் திரியும் சிவப்புமூக்கு ஆள்காட்டி ஊரெங்கும் தெரிந்த பறவை. மஞ்சள்மூக்கு ஆள்காட்டி வறண்ட தரிசை விரும்புவது, அதிகம் சத்தம் போடாதது. அடுக்குமாடி மனைகளாக நிலம் மாறிவரும் புறநகர்களில் ஆண்டுக்காண்டு இடம் பெயர்ந்துகொண்டே இருப்பதும் அதுதான்.

ஆள்காட்டியின் கூடு என்று சொல்வது மரியாதைக்குத்தான். மண்ணில் ஒரு சிறு குழி, ஓரத்தில் சில கூழாங்கற்கள், சில வேளை காய்ந்த ஆட்டுப் புழுக்கை. அதில் பெரும்பாலும் நான்கு முட்டை, கூர்முனைகள் நடுவில் சேருமாறு அடுக்கப்பட்டிருக்கும். முட்டையின் மண்நிறமும் கரும்புள்ளியும் தரையோடு கலந்துவிடுவதால், இரண்டடி தூரத்தில் நிற்பவரும் அதைக் காணாமல் மிதித்துவிடலாம். நான்கு வாரம் போல அடைகாக்க வேண்டும். பகலில் அந்தத் தரையின் சூடு 50 டிகிரியைத் தாண்டும். முட்டை அந்தச் சூட்டில் நெடுநேரம் கிடந்தால் கரு அவிந்துவிடும். ஆகவே இங்கே அடைகாப்பது என்பது பாதி நேரம் சூடேற்றுவதல்ல, சூடேறாமல் காப்பது. முட்டையின் மேல் முழுதாக உட்காராமல், கால்களை ஊன்றி நின்று நிழல் கொடுக்கும் பறவையைப் பத்து மணிக்கு மேல் காணலாம். பகல் முற்றியதும் ஆணும் பெண்ணும் முறைவைத்துப் பக்கத்துக் குட்டைக்குப் போய், வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு ஓடிவந்து, ஈரத்தோடு முட்டையின் மேல் அமரும். குஞ்சு பொரித்த பிறகும் இந்த ஈரம் தொடரும். அம்மாவின் நனைந்த வயிற்றுக்கடியில் குஞ்சுகள் ஒதுங்கும்.

1960களில் உயிரியலாளர்கள் எஸ். டி. ஜெயகரும் ஹெலன் ஸ்பர்வேயும் மஞ்சள்மூக்கு ஆள்காட்டியை ஊன்றிக் கவனித்து, வறண்ட பருவத்தைத் தேர்ந்தெடுத்துக் கூடு வைக்கும் பறவை என்று அதைப் பற்றி எழுதினார்கள். பெரிய கருவிகள் ஏதும் தேவைப்படாத ஆய்வு அது. மறைவாக உட்கார்ந்து, எந்தப் பறவை எப்போது எழுந்தது, எப்போது நனைந்து திரும்பியது என்று கடிகாரம் பார்த்து எழுதும் பொறுமை போதும். உள்ளூர்க் குழுக்களின் உறுப்பினர்கள் இன்று செய்யும் கூட்டுக் கவனிப்பும் அதே வகையானதுதான்: இருகண்நோக்கி, குறிப்பேடு, தொப்பி, தண்ணீர்க் குப்பி. இத்தனை தொல்லை இருந்தும் பறவை ஏன் இந்தப் பருவத்தைத் தேர்ந்தெடுக்கிறது என்ற கேள்விக்கும் களத்திலேயே ஒரு விடை கிடைக்கும். மழை பெய்தால் தரைக்கூட்டில் நீர் தேங்கும். புல் வளர்ந்தால் எதிரி வருவது தெரியாது. ஏப்ரலில் இட்ட முட்டை மே மாதத்தில் பொரிந்தால், கோடை மழைக்குப் பின் கிளம்பும் பூச்சிகள் குஞ்சுக்கு இரையாகும்.

இதை ஒத்த தந்திரத்தைக் கல்கௌதாரி இன்னும் ஒரு படி மேலே கொண்டு போயிருக்கிறது. அதன் ஆண் பறவை நெடுந்தொலைவு பறந்து நீர்நிலைக்குப் போய், வயிற்று இறகில் தண்ணீரை ஊறவைத்துக் கொண்டுவரும்; குஞ்சுகள் அந்த இறகைச் சப்பித் தாகம் தீர்க்கும். தென்மாவட்டங்களின் தேரிக்காட்டு ஓரங்களிலும் வறண்ட புன்செய்களிலும் பறவை பார்ப்பவர்கள், காலையில் இவை நீருக்கு இறங்கும் நேரத்துக்காகவே குட்டைக்கரையில் காத்திருப்பார்கள்.

கூடுகளைப் பார்ப்பதற்கென்று குழுக்களுக்குள் கண்டிப்பான வழக்கங்கள் உருவாகியிருக்கின்றன. கூடு இருக்கும் இடத்தை வெளியில் சொல்வதில்லை. முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டைப் படமெடுத்துப் பரப்புவதை நல்ல குழுக்கள் ஏற்பதில்லை. படம் தெளிவாக விழ வேண்டுமென்று ஒரு கிளையை ஒதுக்கினால் போதும், அன்று பிற்பகல் வெயிலே அந்தக் குஞ்சுகளைக் கொன்றுவிடும். தரைக்கூட்டை நோக்கி நேராக நடந்து போவதும் கூடாது. மனிதர் எங்கே குனிகிறார் என்பதைக் காக்கையும் தெருநாயும் கவனித்துக்கொண்டிருக்கும். அவர் போனதும் அவை வரும். ஆள்காட்டி தலைக்கு மேல் கத்தத் தொடங்கினால் வந்த வழியே திரும்ப வேண்டும் என்பது புதியவருக்குச் சொல்லித்தரும் முதல் பாடம். இதில் சட்டமும் இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டையையும் கூட்டையும் கலைப்பதை வேட்டையாடுதல் என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. அது தெரியாமலே கூட்டைத் தொட்டுப் பார்க்கிறவர்கள்தான் அதிகம்.

தரையில் இப்படி மறைந்தும் தனித்தும் நடக்கும் வாழ்க்கை, நீர்ப்பறவைகளின் குடியிருப்பில் ஊர்த் திருவிழாப் போல நடக்கிறது. வட இந்தியாவில் மஞ்சள்மூக்கு நாரை தென்மேற்குப் பருவமழையின் முடிவில், ஆகஸ்ட் வாக்கில் கூடு கட்டத் தொடங்கும். தமிழகத்தில் ஏரி நிரம்புவது ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்கு மழையால். அதனால் இங்கே கூடு கட்டும் காலமும் தள்ளிப்போய், குஞ்சுகள் வளர்ந்து பறக்கும் கட்டம் கோடைக்குள் வருகிறது. வேடந்தாங்கலில் நீர்க்கடம்ப மரங்களின் உச்சியில் கூழைக்கடா, நாரை, அரிவாள்மூக்கன், நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா ஆகியவை அடுக்கடுக்காகக் குடியிருக்கும். ஜனவரியில் அங்கே போகிறவர் கூட்டத்தைப் பார்ப்பார். மார்ச், ஏப்ரலில் போகிறவர் குடும்பங்களைப் பார்ப்பார்.

வேடந்தாங்கலின் வரலாறு பறவை நோக்கர்களின் வரலாற்றுக்கும் முந்தியது. சுற்றியிருந்த ஊரார் பறவைகளைக் காத்தது ஆராய்ச்சிக்காக அல்ல. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798இல் அன்றைய செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் அவர்களது உரிமையை ஒப்புக்கொண்டு கௌல் என்னும் உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். 1936இல் அரசு அதைச் சரணாலயமாக ஏற்றது. 2022இல் வேடந்தாங்கல், கரிக்கிலி, கூந்தன்குளம், பள்ளிக்கரணை முதலிய பல தமிழக ஈரநிலங்கள் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. கூந்தன்குளத்திலும் கதை இதேதான்: பறவைகள் ஊருக்குள், வீட்டு முற்றத்து மரத்திலேயே கூடு கட்டும், ஊரார் வெடி வெடிக்காமல் இருப்பார்கள்.

குடியிருப்பில் குழுவினர் செய்வது வெறும் தலை எண்ணிக்கை அல்ல. கரையில் ஒரே இடத்தில் நின்று, வாரம் ஒருமுறை, குறிப்பிட்ட மரங்களில் உள்ள கூடுகளை எண்ணி, எத்தனை கூட்டில் பறவை அமர்ந்திருக்கிறது, எத்தனையில் குஞ்சு தலை தெரிகிறது, எத்தனை குஞ்சு கூட்டை விட்டுக் கிளைக்கு வந்துவிட்டது என்று தனித்தனியே எழுதுகிறார்கள். மஞ்சள்மூக்கு நாரையின் குஞ்சு அழுக்குப் பழுப்பாக, தாயின் சாயலே இல்லாமல் இருக்கும். நத்தைகுத்தி நாரையின் அலகில் உள்ள புகழ்பெற்ற இடைவெளி இளம்பறவைக்குக் கிடையாது. வயது ஏறத்தான் அது தோன்றும். காதும் இங்கே உதவும். வளர்ந்த நாரை ஏறக்குறைய ஊமை, அலகைத் தட்டுவதோடு சரி. குஞ்சுகள்தான் ஓயாமல் கத்தும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே குடியிருப்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பழகியவர் சொல்லிவிடுவார். உச்சி வெயிலில் பெற்றோரில் ஒன்று கூட்டின் விளிம்பில் நின்று, சூரியனுக்கு முதுகைக் காட்டி, இரண்டு இறக்கையையும் பாதி விரித்துப் பந்தல் போடும். சூரியன் நகர நகரப் பறவையும் திரும்பிக்கொண்டே இருக்கும்.

கொக்குகளின் அலங்காரமும் இந்த மாதங்களில்தான். மாட்டின் பின்னால் திரியும் வெள்ளை உண்ணிக்கொக்கின் தலையும் கழுத்தும் முதுகும் பொன்னிறமாகும். வரப்பில் யாரும் திரும்பிப் பார்க்காத மடையானின் முதுகு ஆழ்ந்த செம்பழுப்பாக மாறி, கால் சிவக்கும். ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் புது உறுப்பினர் யாராவது அதைப் பார்த்துவிட்டு, புத்தகத்தில் இல்லாத ஒன்று என்று பரபரப்பார்கள்.

ஏப்ரல் கடைசியில் ஏரிகள் சுருங்குகின்றன. நீர் வற்றுவதை அழிவாகவே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தக் காட்சி குழப்பம் தரும். ஏனென்றால் வற்றும் ஏரியில்தான் மீன்தின்னிகள் அதிகம் கூடும். ஆழம் குறைந்த சேற்றுக்குட்டையில் அடைபட்ட மீனுக்குத் தப்ப வழியில்லை. கூழைக்கடாவும் நாரையும் கரண்டிவாயனும் ஒரே குட்டையில் தோளோடு தோள் உரசி நிற்கும். குஞ்சுக்கு மிகுதியாக இரை வேண்டிய நேரத்தில் இது நேர்வது தற்செயல் அல்ல. தமிழகத்து ஏரி மழைக்காலத்தில் நிரம்பவும் கோடையில் வற்றவும் ஏற்பட்டது. அதன் பறவைகளும் அந்தக் கணக்கில்தான் குடும்பம் நடத்துகின்றன. ஏரியை ஆழமாகத் தோண்டி ஆண்டு முழுவதும் தண்ணீர் நிறுத்துவதே அதற்குச் செய்யும் நன்மை என்று நினைக்கும் அழகுபடுத்தும் திட்டங்கள், சேறும் திட்டும் இல்லாத தொட்டிகளை உண்டாக்குகின்றன. நெடுங்கால் உள்ளானுக்கு அங்கே நிற்க இடமில்லை.

அந்த நெடுங்கால் உள்ளான் வற்றிய ஏரியின் சேற்றுத் திட்டிலும் உப்பளங்களின் வரப்பிலும் கூடு வைப்பது. சென்னைக்குத் தெற்கே, ராம்சர் எல்லையில் 1,247 ஹெக்டேர் கொண்ட பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், கட்டடங்களுக்கும் குப்பைமேட்டுக்கும் நடுவில் இருந்தாலும் கோடையில் ஓயாத இடம். சம்பங்கோரைக்குள் நீலத் தாழைக்கோழி குஞ்சுகளோடு திரியும். புள்ளிமூக்கு வாத்தும் முக்குளிப்பானும் எஞ்சிய நீரில் இருக்கும். நீளவால் இலைக்கோழி குளிர்காலத்து மங்கல் நிறத்தைக் களைந்து, கறுத்த நீண்ட வாலும் பொன்னிறப் பிடரியுமாக மாறத் தொடங்கும். இந்தப் பறவையில் பெண் முட்டையிட்டதும் வேறு துணை தேடிப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சை வளர்ப்பதும் ஆணின் பொறுப்பு.

இங்கே ஒரு புதிரையும் குழுக்கள் குறித்து வைக்கின்றன. வலசை வந்த உள்ளான்கள் எல்லாம் போய்விட்டன என்று எழுதிய பிறகும், மே மாத நடுவில் சேற்றில் சில நிற்கும். நோயுற்றவை என்று முன்பெல்லாம் எண்ணினார்கள். அவற்றில் பெரும்பாலானவை முதல் ஆண்டுப் பறவைகள். இனப்பெருக்க வயது வராததால் ஆர்க்டிக் வரை பறந்து போக அவற்றுக்குக் காரணமில்லை. பழவேற்காட்டிலும் கோடியக்கரையிலும் கோடையில் தங்கிவிடும் பூநாரைகளும் உண்டு. ஆகவே கோடை நடையில் ஓர் உள்ளானைப் பார்த்தால், அதன் இறகு புதியதா தேய்ந்ததா, இனப்பெருக்க நிறம் ஏறியிருக்கிறதா என்பதையும் சேர்த்து எழுதுவது வழக்கமாகியிருக்கிறது.

ஏரிக்குப் போக முடியாதவர்களுக்கு வீட்டு மாடியே களம். மார்ச்சிலிருந்து குயில் கூவுவதைக் கேட்காத தமிழன் இல்லை. பாட்டுகளில் கூவும் குயில் பெரும்பாலும் பெண்ணாகவே இருந்தாலும், மரத்தில் அப்படிக் கூவுவது கறுத்த ஆண் குயில். உடலெங்கும் வெள்ளைப் புள்ளி தெறித்த பெண்ணின் குரல் வேறு, கிக் கிக் கிக் என்று வேகமாகத் தெறிக்கும். காக்கை கூடு கட்டும் மாதங்களும் குயில் கூவும் மாதங்களும் ஒன்றாக இருப்பதன் காரணம் ஊரறிந்தது. ஆண் குயில் காக்கையின் கண்ணில் படுமாறு வந்து துரத்த வைக்கும். அந்த நேரத்தில் பெண் குயில் கூட்டில் முட்டையிட்டுவிடும். அது காக்கை முட்டையைவிட இரண்டு மூன்று நாள் முன்னதாகப் பொரியும். ஜூன், ஜூலையில் மின்கம்பியில் ஒரு புள்ளிக் குஞ்சு வாய் பிளந்து கேட்க, காக்கை சோற்றைத் திணிக்கும் காட்சியைக் குழுக்களின் சிறுவர்கள் எழுதிய குறிப்புகளில் அடிக்கடி காணலாம்.

ஆண்டில் பாதி நாள் வாய் திறக்காமல் குப்பை கிளறித் திரியும் குண்டுக்கரிச்சான், கோடை வந்ததும் உயர்ந்த கம்பத்தில் ஏறி விடியலுக்கு முன்பே பாடத் தொடங்கும். செம்மார்புக் குக்குறுவானின் டொங்க் டொங்க் என்ற செம்புத்தட்டல் நண்பகலிலும் நிற்காது. மாமரத்தில் மாம்பழச்சிட்டின் ஆண், இறகைப் பஞ்சுருண்டை போலச் சிலிர்த்துக்கொண்டு மேலே எழும்பிச் சுழன்று இறங்கும். பனை இருக்கும் இடமெல்லாம் பனை உழவாரன் இருக்கும். தொங்கும் காய்ந்த ஓலையின் அடியில் எச்சிலால் ஒட்டிய சிறு கூடு. பனை ஓலையைச் சுத்தமாகக் கழித்துவிட்ட தோப்பில் அது இருக்காது. விடுமுறையில் இருக்கும் பிள்ளைகளுக்குக் குழுக்கள் தரும் எளிய வேலை, மாடியில் மண்சட்டியில் தண்ணீர் வைத்து வருகிறவற்றை எழுதுவது. சட்டி ஆழமில்லாமல், நடுவில் ஒரு கல்லோடு இருக்க வேண்டும். தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பறவைக்கு முன் கொசு குடியேறிவிடும். ஒரு மாத முடிவில் எந்த நேரத்தில் எது வருகிறது என்று ஒரு பட்டியல் கையில் இருக்கும். தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து கூட்டமாகப் போவதும், அவை இருக்கும்வரை அணில் ஒதுங்கி நிற்பதும் அதிலிருந்து தெரியவரும்.

பறவை நடையில் பறவை மட்டும் கிடைப்பதில்லை. கிண்டி தேசியப் பூங்காவைச் சுற்றி நடப்பவர்களின் கோடைக் குறிப்பில், ஆண் ஓணானின் தலையும் தோளும் சிவந்த நாளும், வெளிமான் நிழலில் படுத்திருந்த நேரமும், கீரியும் நரியும் இருக்கும். ஆலமரத்தில் தலைகீழாகத் தொங்கும் பழந்தின்னி வௌவால்கள் வெயிலில் ஒரு இறக்கையால் விசிறிக்கொள்வதும் அதில் பதிவாகும். சென்னைக் கடற்கரையில் 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் இரவு நடந்து, பங்குனி ஆமைகளின் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்துக் காக்கிறார்கள். ஒரு ஆமை நூறு முட்டைக்கு மேல் இடும். நாற்பத்தைந்து நாளுக்கு மேல் மணலின் சூட்டில் இருந்து, ஏப்ரல், மே மாதங்களில் குஞ்சுகள் வெளிவரும். மணல் அதிகம் சூடானால் பெண் குஞ்சுகளே மிகுதியாகப் பிறக்கும். பறவை நோக்கர் பலருக்குக் குஞ்சுகளைக் கடலில் விடும் மாலைகள் ஆண்டின் தவறாத நிகழ்ச்சி. குஞ்சுகள் கடலை நோக்கி ஊரும்போது கரையில் காத்திருக்கும் காக்கைகளையும் அவர்கள் எண்ணிக்கொள்வார்கள்.

மே மாத நடுவில் குழுக்கள் மலையேறுகின்றன. உலகெங்கும் ஒரே நாளில் பறவைகளைப் பதியும் குளோபல் பிக் டே அந்த மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை வாக்கில் வரும். இந்தியாவில் அதையொட்டி ஓரிட வாழ்விப் பறவைகளுக்கான நாளும் நடக்கிறது. நீலகிரி, பழனி, ஆனைமலை ஆகிய மலைகளின் சோலைகளில் அப்போது கோடை மழைக்குப் பின் குளிர்ந்த காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டு வேறெங்கும் இல்லாத நீலகிரி ஈப்பிடிப்பானும் சிரிப்பான்களும் அந்த நாட்களில் கூட்டோடு இருக்கும். சோலைக்கிளி என்று மலைமக்கள் அழைத்த சிறு நீலப் பறவை, பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஓர் இனமாகவும் தெற்கே இன்னோர் இனமாகவும் பிரிந்திருப்பதை மரபணு ஆய்வுகள் காட்டின. 2017இல் அவற்றுக்கென்று வகுத்த பேரினத்துக்கு ஷோலிகோலா என்று பெயர் வைத்தார்கள். ஆங்கிலத்திலும் இன்று அது ஷோலகிலிதான். சமவெளிக்காரருக்குக் கிளி என்றால் பச்சைக்கிளி. மலையில் அந்தச் சொல் எந்தச் சிறு பறவைக்கும் பொருந்தும். உயிரினப் பெயரிடலில் உள்ளூர்ச் சொல் மேலே ஏறுவது அரிது என்பதால் இது குறிப்பிடத்தக்கது. அங்கே பதிவாகும் ஒவ்வொரு பட்டியலும் இ-பேர்ட் தளத்தில் சேர்கிறது. அதில் பறவை பாடியதா, கூட்டுக்குப் புல் சுமந்ததா, குஞ்சுக்கு இரை கொண்டுபோனதா என்பதற்குத் தனிக் குறியீடுகள் உண்டு. பட்டியலைப் பதிந்துவிட்டு அந்தக் குறியீடுகளை விட்டுவிடுகிறவர்கள், கோடையின் பாதியைத் தொலைத்துவிடுகிறார்கள்.

வைகாசி கழிந்து காற்று மேற்கிலிருந்து திரும்பும்போது, கோடைக் குறிப்பேட்டின் கடைசிப் பகுதி தொடங்குகிறது. சுடலைக்குயில் உரக்கக் கூப்பிடும். வடநாட்டில் அது ஆப்பிரிக்காவிலிருந்து பருவக்காற்றோடு வந்து மழையை அறிவிக்கும் பறவை என்று பெயர் பெற்றது. அந்தக் கதையைத் தமிழகத்தில் அப்படியே எழுதுவது பிழை, ஏனென்றால் தென்னகத்தில் ஆண்டு முழுவதும் இருக்கும் சுடலைக்குயில்களே உண்டு. இங்கே கவனிக்க வேண்டியது அதன் வரவை அல்ல, தவிட்டுக்குருவிகளின் கூட்டை அது சுற்றிவரத் தொடங்கும் வாரத்தை.

கிணற்றுக்கு மேல் சாய்ந்த வேலமரத்திலும் பனை ஓலை நுனியிலும் தூக்கணாங்குருவிகள் அப்போது வேலையைத் தொடங்கும். ஆணின் தலையும் மார்பும் மஞ்சளாகியிருக்கும். அது நெல்தாளையும் பனை ஓலையையும் நீளவாட்டில் கிழித்து வந்து, முதலில் ஒரு வளையம், பிறகு தலைக்கவசம் போன்ற அரைக்கூடு பின்னும். அந்த நிலையில் பெண் வந்து உள்ளே நுழைந்து பார்க்கும், பிடித்தால்தான் மீதி. பிடிக்காத அரைக்கூடுகள் மரத்திலேயே தொங்கும். 1930இல் சாலிம் அலி மும்பைக்குத் தெற்கே கிஹிம் கடற்கரை ஊரில் தங்கி, ஒரு தூக்கணாங்குருவிக் குடியிருப்பைப் பொழுதெல்லாம் பார்த்து, ஒரு பெண் கூட்டை ஏற்றுக்கொண்டதும் ஆண் அதை முடித்துக் கொடுத்துவிட்டு, அடுத்த கூட்டைக் கட்டி அடுத்த துணையை அழைப்பதைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டு அதை வெளியிட்டார். ஊரெல்லாம் தெரிந்த பறவையைப் பற்றி யாருக்கும் தெரியாதிருந்த செய்தி அது. இன்றைய குழுக்களும் அதே கணக்கை வைக்கின்றன: ஒரு மரத்தில் எத்தனை முழுக்கூடு, எத்தனை அரைக்கூடு, காற்றில் விழுந்தவை எத்தனை. பம்புசெட்டு வந்து திறந்த கிணறுகள் தூர்ந்த ஊர்களில் எண்ண வேண்டிய மரமே குறைந்துவிட்டது.

ஜூலை கடைசியில், நெல்லுக்கு உழுது நீர் கட்டிய வயலிலோ, கோடை மழையில் கொஞ்சம் நனைந்த ஏரி மூலையிலோ, வாலை ஆட்டிக்கொண்டு ஒரு கரை உள்ளான் நிற்கும். மே மாதம் இங்கேயே தங்கிய இளம்பறவை அல்ல. வடக்கே முட்டையிட்டுக் குஞ்சை வளர்த்து முடித்து, தேய்ந்த இறகோடு முதலில் திரும்பிவந்தது. குறிப்பேட்டில் ஏப்ரலில் எழுதிய கடைசித் தேதிக்கு எதிரே, இத்தனை நாளாக வெறுமையாக இருந்த கட்டத்தில் அதன் தேதி ஏறுகிறது.